மியூசியச் செம்பில் பால்

விநாயகத்துக்குப் பெருமை தலைக்கேறினால் வீட்டில் ஒரு சாமான் தங்காது. மாயெபூர் மியூசியத்தில் பழம்பொருள் கேட்டார்கள் என்று, சாமி அறையில் இருந்த சின்னச் செம்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். பாட்டன் ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் கொண்டுவந்த செம்பு இனிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமாம்!

அவர் மனைவி பூங்காவனம், செம்பு திரும்பி வந்தாக வேண்டும் என்று நின்றாள். மகள் ருக்மணி காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "முருகா, இவள் பிழைத்தால் தைப்பூசத்துக்கு இந்தச் செம்பில்தான் பால் எடுப்பேன்" என்று யாரிடமும் சொல்லாமல் வேண்டியிருந்தாள். பிள்ளை இப்போது மாமரம் ஏறுகிறாள். வேண்டுதலை இன்றுதான் புருஷனிடம் சொன்னாள்.

"வேற செம்புல எடுத்தா என்ன?"

"பொண்ணு பாத்தது என்னை, மணவறையில வேற ஒருத்திய உக்கார வச்சிருந்தா தாலி கட்டியிருப்பீங்களா?"

விநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு மியூசியத்துக்குக் கிளம்பினார். எந்தப் பதில் சொன்னாலும் வம்பு.

மியூசியத் துரை லிண்ட்சே நல்ல மனுஷர். ஒருநாள் தரலாம், ஆனால் மியூசிய ஆள் அதிலிருந்து கையை எடுக்கக்கூடாது என்றார். கோயில் பூசாரியோ, பத்து நாள் விரதமில்லாத கை பால் செம்பில் படக்கூடாது என்றார். இருவரும் இறங்கி வரவில்லை. நடுவில் மாட்டியவன், விரதமிருந்து செம்பைப் பிடிக்கவேண்டிய மியூசியக் காவலாளி பாட்ரிக். மீன் இல்லாமல் சோறு இறங்காது, ரம் இல்லாமல் பொழுது சாயாது அவனுக்கு.

"பொன்ஜே, கடவுளே! அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும், மதாம்?" என்று பூங்காவனத்திடம் கிரியோல் மொழியில் அலறினான்.

"இவர் விரதம் இருப்பார்" என்று அவன் மனைவி ஜோசெட் சத்தியம் செய்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தாள் போலும்.

விரதச் சாப்பாடு பூங்காவனம் வீட்டிலிருந்து போனது. முதலில் திட்டினான், பிறகு ரசம் இன்னொரு கரண்டி கேட்டான். கடற்கரை ஆட்கள் பொரித்த மீனை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார்கள். ஒளிந்து தின்கிறான் என்று ஊரே சொன்னது.

பூச நாள் காலையில் பூங்காவனம் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். பழம்பொருளின் களிம்பைத் தேய்க்கக்கூடாது என்பது மியூசியச் சட்டம்; துரை கேட்டால் பார்க்கவில்லை என்று சொல்வதற்காகப் பாட்ரிக் வானத்தைப் பார்த்தான். பாலை நிரப்பி, வாழையிலையால் வாய் கட்டித் தலையில் வைத்தாள். அவன் ஒரு கையைச் செம்பில் வைத்தபடி வெறுங்காலோடு கூட நடந்தான். நல்ல வெயில். பால் திரிந்தால் வேண்டுதலை முருகன் ஏற்கவில்லை என்று அர்த்தம். அவள் எட்டி நடைபோட்டாள். அவன் அவளையும் முந்தப் பார்த்தான்.

"திரிஞ்சிருக்காதே, மதாம்?" என்று வழியெல்லாம் நச்சரித்தான்.

பூசாரி இலையைப் பிரித்துச் சாய்த்தார். பால் வெள்ளை வெளேரென்று வேலின்மேல் இறங்கியது. பூங்காவனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேல்! வேல்!" என்று எல்லோருக்கும் மேலாகக் கத்தியது பாட்ரிக்தான்.

"நானும் ஒண்ணு வேண்டியிருந்தேன், மதாம்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பால் கெட்டா நான் மீன் தின்னேன்னுதான் சொல்லுவாங்க. நான் தின்னல. அதை உங்க சாமியே ஊருக்குச் சொல்லணும்னு கேட்டேன்."

அன்று மாலையே செம்பு பெட்டிக்குள் போய்விட்டது, ஊரறியப் பளபளத்துக்கொண்டு. துரை அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மறுவருஷம் தை பிறக்குமுன்பே பாட்ரிக் வாசலில் நின்றான்.

"விரதம் எப்ப, மதாம்?"

"என் வேண்டுதல்தான் போன வருஷமே தீந்துபோச்சே, பாட்ரிக்."

அவன் முகம் விழுந்துவிட்டது. திரும்பிப் போகவும் இல்லை. பூங்காவனம் உள்ளே போய்ப் புளியை எடுத்து இரண்டு பங்காக வைத்தாள், ரசத்துக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று.