மூச்சு இருக்கும்போதே

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன பிறகு, மலாயாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் குழி வெட்டத் தெம்புள்ள ஆண் என்று மிஞ்சியவன் அம்மாசிதான். ஜப்பான்காரன் ஆட்சியின் மூன்றாம் வருஷம். மருந்து கிடையாது. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். வாரத்துக்கு இரண்டு பேராவது போய்ச் சேர்ந்தார்கள். சாகிறவர்கள் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லாததால் அதையும் அம்மாசியே செய்தான்.

முனியாண்டி பட்டினியில் செத்தான். பாயைத் தூக்கினால் அடியில் இரண்டு படி அரிசி. சயாமுக்குப் போன மகன் வந்தால் பொங்கிப்போட வைத்திருந்தது, புழுத்து மாவாகிக் கிடந்தது. அன்றிலிருந்து அம்மாசி எதையும் நாளைக்கென்று வைப்பதில்லை. கிழங்கு கிடைத்தால் தின்றான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான்.

ஆனால் அவனை உலுக்கியது பிச்சையம்மாளின் சாவுதான். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளை விரட்டியவள், மூன்று நாள் அந்த மகளின் பெயரையே சொல்லிக்கொண்டு கிடந்தாள். அம்மாசி ஆள் அனுப்பினான். மகள் புஷ்பவள்ளி சுங்கைப் பட்டாணியிலிருந்து நடந்தே வந்தாள். அதற்குள் குழியை மூடியாகிவிட்டது.

"ஒரு வார்த்த பேசியிருப்பேனே" என்று அவள் மண்ணைப் பிறாண்டினாள்.

மறுநாள் காலை அம்மாசி தன் அண்ணன் முருகையாவின் வீட்டுக்குப் போனான். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. முருகையா தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. சயாமுக்குப் பெயர் எழுதியபோது பக்கத்தில் நின்றும், அம்மாசியின் ஒரே மகன் அழகேசனைக் காப்பாற்றவில்லை என்பதுதான் மனத்தாங்கல்.

முருகையாவின் கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அம்மாசி அவித்த கிழங்கைப் பிசைந்து ஊட்டினான்.

"அண்ணே, பழச விடுங்க. மூச்சு இருக்கும்போதே பேசிடலாம்னு வந்தேன்."

முருகையா வாயிலிருந்ததை விழுங்கவில்லை.

"நான் தடுக்கலன்னுதானே நெனச்சிக்கிட்டிருக்க? எழுத வச்சதே நாந்தான் தம்பி. வந்தது மனோகரன் பேரு. எம் பிள்ள பேர எடுத்துட்டு உம் பிள்ள பேரச் சொன்னேன்."

அந்த மனோகரனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. போன மழைக்காலத்தில் அவனுக்குக் குழி வெட்டியவனும் அம்மாசிதான்.

அம்மாசி எழுந்து வெளியே ரப்பர் மரத்தடிவரை நடந்துவிட்டான். அப்படியே போய்விடலாம் என்றிருந்தது. உள்ளே முருகையா தண்ணீர் கேட்டான். அந்த வீட்டில் வேறு யாருமில்லை.

திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்தான்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு தம்பி."

"குடிங்க."

நான்கு நாள் கூடவே இருந்து துடைத்துவிட்டான், புரட்டிப் படுக்கவைத்தான். அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை முருகையா அது காதில் விழாமலே போய்ச் சேர்ந்தான். இத்தனை சாவைப் பார்த்துக் கற்றதெல்லாம் தன்னை அண்ணன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டதாக அம்மாசிக்குத் தோன்றியது.

யுத்தம் முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் ஏழு பேர் லாரியில் வந்து இறங்கினார்கள். அழகேசன் இல்லை. அவர்களில் ஒருவன் அருகில் வந்து, "மாமா... அழகேசன்..." என்று இழுத்தான்.

அம்மாசி அவனை உட்காரவைத்தான்.

"சாகும்போது பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாப்பா?"

"வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்துதான் மாமா பாத்தோம்" என்றான் அவன்.