சவுண்ட் கார்டு யாருக்கு

மார்ச் 14, வியாழன்

ஒரு சின்னத் தவறு. நேற்று மாலை கணினி வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுக் கணினியின் ஒலி அமைப்பை மாற்றினேன், அக்காவிடம் சொல்லவில்லை. சின்னது என்று எழுதிவிட்டேன். அது சரியான சொல்தானா என்று தெரியவில்லை.

எங்கள் கணினியில் ஓடும் லினக்ஸில் ஒலிக்கு இரண்டு வழி. சத்தத்தை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டை ஒரு மென்பொருள் நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குச் சத்தம் சுணங்காமல் வரும், மற்றவை ஊமையாகிவிடும். இல்லையென்றால் நடுவில் சவுண்ட் சர்வரை வைக்கலாம். அது எல்லாருடைய சத்தத்தையும் வாங்கிக் கலந்து அனுப்பும். கொஞ்சம் தாமதமாகும்.

சில வாரங்களாக நேர்வழிதான் போட்டிருந்தேன், அக்காவுக்காக. ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று அவளை ஓர் அத்தியாயம் வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தது. இன்று மதியம் கடைசி. தன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசித்தால்தான் மூச்சுச் சத்தம் பதிவாகாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பாள்.

அக்காவின் கணவருக்கும் அதே கணினியில்தான் படம். அவள் பதிவு மென்பொருளை மூடாமல் எழுந்துபோனால் அவர் படத்துக்குச் சத்தம் வராது. நேற்றும் அப்படித்தான்.

"என்ன மாப்ள, கிளாஸ்ல இதான் சொல்லித் தர்றாங்களா? படத்துல எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறாங்க. இந்த வீட்ல உங்க அக்கா சத்தம் மட்டும்தான் கேக்கணுமா?"

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்க மாமா. அக்கா அனுப்பிடட்டும்."

"ஆமா, அவ வாசிச்சு ஊரே கேக்கப் போகுது! எல்லாத்துக்கும் சத்தம் வர்ற மாதிரி பண்ணு."

பண்ணினேன். சர்வரைப் போட்டதும் படத்தில் கரகரவென்று சத்தம். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவைக் கூட்டினேன், சரியாகிவிட்டது. அளவு கூடினால் தாமதமும் கூடும். வகுப்புத் தேர்வில் கேட்டால் வரைபடம் போட்டே விளக்கியிருப்பேன்.

இன்று அச்சக வேலை முடிந்து வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அனுப்பிய வாசிப்புக்குப் பதில் அதற்குள் வந்துவிட்டதாம். வாசிப்பில் தடுமாற்றம் அதிகம், இந்தப் பணிக்குப் பொருந்தாது.

"முந்தாநாள் அவ்ளோ நல்லா படிச்சியேக்கா?"

"தெரியலடா. காலைல நான் ஒண்ணு சொன்னா பின்னாடியே யாரோ பழிப்பு காட்டுற மாதிரி காதுல கேட்டுச்சு. நாக்கு குழறிடுச்சு. திரும்பத் திரும்பப் படிச்சேன், மோசமாத்தான் ஆச்சு. உன் மாமாகிட்ட சொன்னா, பயந்தா அப்படித்தான் கேக்கும்னார்."

ஹெட்போனை மாட்டி மைக்கில் ஒரு சொல் சொன்னேன். அது சொல்லி முடித்த பிறகு காதுக்கு வந்தது. அடுத்த சொல் எனக்கே இடறியது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் திக்குவார்கள் என்றேன். கையில் இருந்த சட்டையை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகச் சொல்றியா?"

"இல்லக்கா, சத்தியமா."

"வாசிச்சது நான்தானேடா. மெஷினா வாசிச்சுது?"

கட்டிலில் படுத்திருந்த மாமா சிரித்தார். "விடு மாப்ள. வராததை வராதுன்னு ஒத்துக்க வேண்டியதுதான். பாவம், மெஷின் மேல ஏன் பழி போடுறீங்க?"

அவர் கேட்டுத்தான் மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அளவைக் கூட்டியது என் விரல்தான்.

நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசினேன். ஆள் எடுத்தாகிவிட்டது, இப்படித்தான் எல்லாரும் ஏதாவது காரணம் சொல்கிறார்கள் என்றாள் அங்கே போனை எடுத்த பெண். நான் வைப்பதற்கு முன் அவளே வைத்துவிட்டாள்.

அக்கா பதிவு மென்பொருளையே கணினியிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறாள். வேலை போனது கூட இருக்கட்டும். தனக்கு வாசிக்கவே வராது என்று நம்பத் தொடங்கிவிட்டாள்.

நாளை காலை சர்வரை நிறுத்திவிட்டுக் கார்டை நேரடியாகப் பதிவு மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். படத்துக்குச் சத்தம் வராது என்று மாமாவிடம் நானே சொல்ல வேண்டும். அதே அத்தியாயத்தின் முதல் பக்கத்தை அக்காவை வாசிக்க வைக்க வேண்டும்.