பத்து மணி நேரம் அரைக் கை

படகுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. ‘அவசரம்’ என்றால்தான் திரும்புவார். உலை கொதிப்பதற்குள் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிற ஆள். பழைய மோட்டாரைக் கொன்றதும் அந்தக் குணம்தான். ஓடுகிற மோட்டார், சூடு தணிக்கிற தண்ணீரைப் பின்பக்கமாக நூல் போலப் பீய்ச்ச வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீர் நின்றுபோனது. மோட்டாரை நிறுத்தி, அடியில் சிக்கிய பிளாஸ்டிக் பையை உருவ இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

“கரை தெரியுதே, போயிடலாம்” என்றார் அவசரம்.

மோட்டார் வெந்துபோய் நடு ஆற்றில் உயிரை விட்டது. அக்கரைத் தொழிற்சாலைக்குப் போகிற பத்துப் பேரும் துடுப்பு வலித்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “திங்கட்கிழமை ஏழு மணிச் சங்கு நிக்கறதுக்குள்ள பத்து பேரும் கேட்டுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா சவாரி வேற படகுக்கு” என்று மட்டும் சொன்னார். அந்தச் சவாரியில்தான் வாடகை, அரிசி, எல்லாம்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் கொட்டகைக்குக் கிளம்பியவரோடு மனைவியும் ஒட்டிக்கொண்டாள். அவள் தையல்காரி, எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள்.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் பழைய மோட்டார் ஒன்று தொங்கியது. மெக்கானிக் கயிற்றை ஒரே இழுப்பு, பிடித்துக்கொண்டது.

“பார்த்தீங்களா! குதிரை!”

அவசரம் அப்போதே பாக்கெட்டுக்குள் கையை விட்டார். மனைவி மோட்டாரை அணைக்கச் சொல்லி மூடியைக் கழற்றினாள். உள்ளே தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏன் அண்ணே, அரை நிமிஷம் ஓடினதுக்கா இப்படிச் சுடுது? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருந்தீங்களா?”

“சேச்சே. வெயில்ம்மா.”

“கொட்டகைக்குள்ள ஏது வெயில்?”

ஆறின மோட்டார் எத்தனை இழுப்பில் பிடிக்கும் என்று அவள் கேட்டாள். மெக்கானிக்குக் காது கொஞ்சம் மந்தமானது.

“ஒரு மாசம் ஓடினாப் போதும்டி” என்று கெஞ்சினார் அவசரம்.

“திங்கட்கிழமை நடு ஆத்துல நின்னா? நான் நீந்தி இழுத்துட்டு வரவா?”

அன்று மாலையே தையல் மிஷின் வீட்டை விட்டுப் போனது. அதற்காக அவள் அழவில்லை, அழுதால் அவர் மனம் மாறிக் கொட்டகைக்கே ஓடிவிடுவாரே என்ற பயம். அந்தக் காசில் ஞாயிறு காலையில் புது மோட்டார் வந்தது. பூட்டிக் கொடுத்த கடைக்காரர் போகிற போக்கில் குண்டைப் போட்டார்.

“முதல் பத்து மணி நேரம் கைப்பிடி பாதிதான் முறுக்கணும். முழுசா முறுக்கினா உள்ள உரசிடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க.”

அரைக் கையில் ஆற்றைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். இதை யாரும் யோசிக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு ‘புதுசு’ என்ற தையல்காரியும்தான். பழையது நின்றுபோகும், புதியது ஓடாது, நல்ல தேர்வு!

அந்தப் பத்து மணி நேரத்தை ஓட்டித் தீர்க்க அன்று முழுக்க அவர் காலிப் படகில் ஆற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தெருவே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. மனைவி முன்னால் உட்கார்ந்து மணி பார்த்தாள்.

“என்ன மாமா, சாமி ஊர்வலமா?” என்றாள் ஒருத்தி.

“கரையோரமா நடந்து வாங்க, சீக்கிரம் போயிடலாம்!” என்றான் இன்னொருவன்.

இருட்டுவதற்குள் ஆறு மணி நேரம்தான் தேறியது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். கடைசி ஆள், கேன்டீன் சமையல்கார அக்கா, ஆறு இருபதுக்கு ஆடி அசைந்து வந்தாள்.

“அவசரத்துக்கே அவசரமா?” என்று வேறு கேட்டாள்.

போதாததற்கு எதிர் நீரோட்டம். பத்துப் பேர் பாரத்தில் படகு நகர்கிறதா என்பதே சந்தேகம். வேறொரு படகு விர்ரென்று தாண்டிப் போனது.

“முறுக்குய்யா!” என்று படகே கத்தியது.

“முறுக்கினா செத்துடும்!” என்றார் அவசரம். வாழ்நாளில் முதல் முறையாகப் பொறுமையாக இருக்கிறார், அதற்கும் திட்டு. கைப்பிடியைப் பாதியிலேயே இறுக்கிப் பிடித்திருந்த அவர் கையை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கரைக்கு இன்னும் நூறு கெஜம் இருக்கும்போது சங்கு ஊத ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் ஊதும். காவலாளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அவசரம் கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரி ஆட்களைத் தாண்டி வந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து ஒரே முறுக்காக முறுக்கினாள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சமையல்கார அக்கா இருந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டாள்.

கரையில் இடித்து நின்றதும் பத்துப் பேரும் குதித்து ஓடினார்கள். கேட் சாத்துகிற இடுக்கில் அக்காவை இரண்டு பேர் உள்ளே இழுத்தார்கள். சங்கு நின்றது. மாடி ஜன்னலில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலமும் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

சவாரி பிழைத்தது. படகில் இருவர் மட்டும் மிச்சம். மோட்டாருக்குள் ஏதோ ஒரு சின்னச் சத்தம். முன்பே இருந்ததா, இப்போது வந்ததா?

“அணைச்சுப் பார்க்கலாமா?” என்றார்.

“வேணாம்” என்றாள் அவள்.

அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ. காலிப் படகில், காசு போட்டு வாங்கிய பெட்ரோல் எரிந்துகொண்டிருக்க, இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.