முழுசா கட்டணும்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு காரியம் முடிகிறவரை பொறுமை கிடையாது. செய்தி வந்த உடனேயே சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் எங்கள் பக்கம் தீர்ப்பு வந்த அன்று, சலவைக்கூடத்து ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாக்கி வைத்த பதினோரு மாதச் சம்பளமும் மொத்தமாக மடியில் வந்து விழுந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. நான் போய் நிற்கவில்லை. காகிதத்தில் வந்தது கைக்கு வரட்டும் என்றேன். மடிப்பு மேசையில் வேலை பார்த்தவள், எனக்குத் தங்கை வயசு, வாய் ஓயாதவள், அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகண்ணன் என்று பெயர் வைத்தாள்.

சந்தேகப்படாமல் என்ன செய்வது? மேல்முறையீடு செய்ய முதலாளிக்கு முப்பது நாள் உண்டு என்று எங்கள் வக்கீலம்மாவே சொன்னாள். அந்த மனுவை நீதிமன்றத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்றால் இன்னும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ இழுக்கும். எனக்கு அறுபத்தொன்பது. சம்பளம் நின்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் மனைவியும் மகள் வீட்டில் போய் ஒட்டிக்கொண்டோம். மருமகன் நல்லவன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். துணி அலமாரி இருக்கும் பின்னறையில் எங்களைப் படுக்க வைத்துவிட்டு, தன் சட்டையை எடுக்க வரும்போதெல்லாம் வாசலில் நின்று இருமிவிட்டு வருகிறான். அவன் இருமினால் நான் எழுந்து உட்கார வேண்டும். மனைவி அதற்குள் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துவிட்டாள். ஜன்னல் இருக்கிறதாம். மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் விடவேண்டாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியும் வைத்திருக்கிறாள். "யாரைக் கேட்டு சொன்ன?" என்றேன். "என்னைக் கேட்டுத்தான்" என்றாள்.

முப்பதாவது நாள், நீதிமன்றத்தில் மனு வாங்குகிற கவுன்டர் திறக்கும்போதே போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழக்குக்காக வந்த வக்கீலம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயா, நீங்க காவல் காக்கவே வேணாம். தீர்ப்புல சொன்ன தொகை முழுசையும் முதலாளி முதல்ல கோர்ட்டுல கட்டணும். கட்டின ரசீது இல்லாம அவரு மனுவ இவங்க தொடக்கூட மாட்டாங்க."

"தொட மாட்டாங்கன்னு நீ சொல்ற. கை அவங்ககிட்டதானேம்மா இருக்கு?"

மதியத்துக்குமேல் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மடிப்புக்காரி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து, நீதிமன்றம் என்றுகூடப் பார்க்காமல் எல்லோருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள்.

மூன்று மணி தாண்டியதும் முதலாளி வந்தார். கக்கத்தில் ஃபைல், கழுத்தெல்லாம் வேர்வை. எங்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் "எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கவுன்டருக்குப் போனார். அவர் கொள்ளைக்காரர் இல்லை; அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் யாருக்கும் எதையும் முழுசாகக் கொடுத்ததில்லை. சம்பளமென்றால் ஒன்றாம் தேதி பாதி, மீதி அப்புறம். சோப்புக்காரனுக்குப் பாதி, விறகுக்காரனுக்குப் பாதி. முடிவெட்டுகிறவனுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை முடி வளர்ந்ததும் தருவதாகச் சொன்னாராம். முழுசாகக் கொடுத்தால் ஆள் நம்மை மறந்துவிடுவான், பாதி நின்றால்தான் திரும்பி வருவான் என்பது அவர் கணக்கு.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா, மூக்குநுனியில் கண்ணாடி தொங்குகிற ஆள், ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மனு இருந்தது. தீர்ப்பு நகல் இருந்தது. ரசீதில் அவர் விரல் நின்றது.

"சார், இது பாதிதானே?"

"ஆமா. மீதி அடுத்த மாசம்."

"தீர்ப்புத் தொகை முழுசா கட்டணும். அப்பத்தான் மனுவ வாங்க முடியும். இன்னைக்கு நாலு மணிதான் கடைசி."

"எங்க ஓடிப்போயிடப் போறேன்? பாதி கட்டியிருக்கேனே!"

"நீங்க ஓட மாட்டீங்க சார். மணி ஓடுது."

மடிப்புக்காரி களுக்கென்று சிரித்து, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். முதலாளி யாருக்கோ போன் பண்ணினார். வங்கி மூடியாயிற்று என்று பதில் வந்ததை அவர் முகமே சொன்னது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார். இருபத்திரண்டு வருடம் அவருடைய கொதிகலனுக்கு முன்னால் வெந்தவன் நான். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே சொல்லுப்பா அவர்கிட்ட. நான் பாதிபாதியாக் கொடுத்து எல்லாத்தையும் தீர்த்திருக்கேனா இல்லையா? உங்களுக்குப் போற பணம்தானே. நீங்க சரின்னா அவருக்கு என்ன?"

கேலிக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். அந்த மனுஷன் பொய்யும் சொல்லவில்லை. பல வருடம் அப்படித்தான் தீர்த்தார். குமாஸ்தாவே கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"தீர்த்தீங்க முதலாளி. கடைசிப் பாதிகளத் தவிர."

மணி நான்கு ஆனது. குமாஸ்தா ரசீதையும் மனுவையும் ஃபைலுக்குள் நேராக அடுக்கி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். கவுன்டர் பலகை இறங்கியது. முதலாளி போகும்போது மடிப்புக்காரி அவரிடமும் ஒரு பழத்தை நீட்டினாள். பழத்தை முழுசாகத்தான் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஒரே கூச்சல். மடிப்புக்காரி வக்கீலம்மாவை இடுப்போடு சேர்த்து ஒரு சாண் தூக்கிவிட்டாள். "இறக்குங்கக்கா, கருப்பு அங்கி கிழியப் போகுது!" என்று அவள் கத்தினாள். இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு விளக்கினாள்: இனி தீர்ப்பு தீர்ப்புதான், கட்டிய பாதி நீதிமன்றத்திலேயே இருக்கிறது, நாம் மனு போட்டு எடுத்துக்கொள்ளலாம், மீதியை வசூலிக்க நாளைக்கே எழுதுகிறாளாம்.

"அந்த மீதியிலயும் பாதிதான் கட்டுவாரு" என்றேன்.

"சந்தேகண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது பல்லக் காட்டுங்களேன்!" என்றாள் மடிப்புக்காரி.

இருந்தால் காட்டமாட்டேனா? அவர்கள் போட்டோவுக்கு நிற்க ஆரம்பித்ததும் நான் நழுவினேன். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். இந்தமாதிரி இடங்களில் முன்னால் மூடினால் பின்னால் ஒரு கதவு திறந்திருக்கும். கதவு இருந்தது, பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் குமாஸ்தா தெரிந்தார், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூடியாச்சு பெரியவரே" என்றார்.

"இன்னொரு தரம் இழுத்துப் பாத்துக்கறேன்."

"தாராளமா."

இழுத்தேன். அசையவில்லை. சரி, இன்றைக்கு மூடிவிட்டார்கள். நாளைக்கு என்ன செய்வார்களோ, யார் கண்டது? மதிலுக்கு அந்தப்பக்கம் அவர்கள் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது. நான் ஒன்றையும் நம்பவில்லை. கால்கள்தான் என்னைக் கேட்காமல் நடையை எட்டிப் போட்டன. மெதுவாப் போ, இன்னும் ஒன்றும் வரவில்லை என்று அதட்டினேன். அவை கேட்கிற வழியாக இல்லை.