தோலுரிக்க முடியாத புழு

2008இல் சரீபாவின் வெண்டிச் செடிகளில் புழு விழுந்தது. சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகக் கல்முனை வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறிய வளவில், முதல் தடவையாக அவள் போட்ட தோட்டம். கடை மருந்து அடிக்க மனம் வரவில்லை. பாத்தியிலிருந்து நாலடியில் கிணறு.

பாண்டிருப்பில் தோட்டம் செய்யும் கனகரெத்தினம் சந்தையில் பழக்கமானவர். அவர்தான் ஒரு பை வேப்பங்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். நம்பாமல் நின்ற சிப்பாய்க்கு ஒன்றைக் கடித்துக் காட்டியதில் அன்று முழுக்க வாய் கசந்ததாம்.

சரீபா கொட்டைகளை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடித்தாள். இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தாள்.

மறுநாள் புழுக்கள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாளும் இருந்தன. பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, புழுவுக்குக் கஷாயமா கொடுத்தாய் என்று சிரித்தாள். சரீபாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செடியருகே குந்தியவள் எழும்பவில்லை. புழுவுக்கு உயிர் இருக்கிறது. இலையில் புதிய ஓட்டை ஒன்றையும் காணோம். சாகாத புழு ஏன் தின்னாமல் கிடக்கிறது?

இரண்டு ஜாம் போத்தல்களைக் கழுவி எடுத்தாள். ஒன்றில் மருந்து தெளித்த இலை, மற்றதில் வெறும் இலை. இரண்டிலும் ஐந்தைந்து குஞ்சுப் புழுக்களை விட்டு, வாயைத் துணியால் கட்டி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கிழமை முழுக்க, தைக்க வந்த சட்டைகள் வெட்டாமலே கிடந்தன.

வெறும் இலை தின்றவை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்று, இரண்டு தரம் தோல் கழற்றிக் கொழுத்தன. மற்றவை இலை ஓரத்தைக் கொஞ்சம் கொறித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன, வளரவேயில்லை. எட்டாம் நாள் விடிய, அதிலொன்று தலைப்பக்கம் தோல் வெடித்து, மிச்சத்தைக் கழற்ற முடியாமல் அதற்குள்ளேயே செத்துக் கிடந்தது.

போத்தல்களோடு பஸ் ஏறிப் பாண்டிருப்புக்குப் போனாள். கனகரெத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இருவது வரிசமாத் தெளிக்கிறன் தங்கச்சி. செத்த புழுவத்தான் தேடினன். இப்பிடிப் பாக்கல்ல."

இருவருமாக விவசாயப் போதனாசிரியர் றவூபிடம் போனார்கள். வேம்பின் கசப்பு புழுவின் பசியைக் கெடுக்கிறது, வயிற்றுக்குள் போன கொஞ்சமும் தோலுரிக்கச் சொல்லும் சுரப்பைக் குழப்புகிறது என்று அவர் விளக்கினார். வெயிலில் அதன் வீரியம் சில நாளில் போய்விடும், கிழமைக்கொரு தரம் தெளிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அப்ப இது அடிச்சுக் கொல்லல்ல சேர். வளர உடாம வெச்சிருக்கு," என்றாள் சரீபா.

றவூப் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

கிழமைதோறும் தெளித்ததில் முப்பது செடியில் இருபத்தாறு காய்த்தன. கைருன்னிஸா வெறும் போத்தலோடு மருந்து கேட்டு வந்தாள். அடுத்த வருடம் யுத்தம் முடிந்த பிறகு, நிந்தவூர் வயலொன்றுக்கு றவூப் சரீபாவையும் கனகரெத்தினத்தையும் அழைத்துப்போனார். அங்கே நெற்கதிரில் பால் உறிஞ்சும் பூச்சி. இலையே தின்னாத அதற்கு இந்தக் கசப்பு எப்படிப் போய்ச் சேரும் என்று சரீபா கேட்டாள். அவள் செருப்பைக் கழற்றி வயல் வரம்பில் வைத்துவிட்டு, பூச்சியைக் கிட்டப் பார்க்க உள்ளே இறங்கினாள்.