ஒன்பதாம் நம்பர் கூடாரம்

தையல்காரம்மாவைப் பற்றி யாரும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சமையலில் உப்புக் கூடுதல், வாய் நீளம், ஒருத்தரையும் மதிப்பதில்லை என்றால்கூடச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வாள். தையலைக் குறை சொன்னால் மட்டும் ஊரையே கூட்டிவிடுவாள். அதனால்தான் அன்று மகள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, கோச்சுக்காத. ஒன்பதாம் நம்பர் கூடாரத்துல பூசணி காய்ச்சிருக்கு."

"காய்ச்சா நல்லதுதானே?"

"காய்க்கவே கூடாதும்மா."

மகள் தேனீ ஆராய்ச்சி செய்கிறவள். பெட்டியில் வளர்க்கிற தேனீ அல்ல. ராணியும் கூட்டமும் இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிற காட்டுத் தேனீ. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தைத் தேனீ இன்னொன்றுக்குச் சுமந்து போனால்தான் காய் பிடிக்கும். அதை எண்ணிக்கையோடு நிரூபிக்க, பன்னிரண்டு கொடிகளை வலைக்கூடாரம் போட்டு மூடியிருந்தாள். உள்ளே ஒரு தேனீகூடப் போகக் கூடாது. கூடாரங்களைத் தைத்துக் கொடுத்தவள் அம்மா. பதினொன்றில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. ஒன்பதாவதில் மட்டும் மூன்று காய்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"பேராசிரியர் என்ன சொன்னாரு?"

"தையல் விட்டிருக்கும்னாரு. வீட்டுல தைச்சதுதானே, மத்த பதினொண்ணை மட்டும் எப்படி நம்புறதுன்னு கேட்டாரு. ஒரு பருவத்து வேலையே போச்சும்மா."

"நீ என்ன சொன்னே?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விடியும்போதே, வேண்டாம் வேண்டாம் என்ற மகளை இழுத்துக்கொண்டு சோதனைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். பூசணிப்பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீக்கும் அதுதான் வேலை நேரம். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாம் இரட்டைத் தையல். ஓர் இழைகூட விலகவில்லை. ஜிப்பின் மடிப்பு சரி. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்திருந்த ஓரமும் சரி. "வீட்டுல தைச்சதாம்!" என்று முணுமுணுத்தபடி, குப்புறப் படுத்து, வலையோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள்.

கூடாரத்தின் நட்டநடுவே, ஓர் இலைக்கடியில், மண் அசைந்தது. பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து ஒரு தேனீ தலையை நீட்டி, மீசையைத் துடைத்துக்கொண்டு, நேரே பூவுக்குப் பறந்தது.

"ஏய், இங்க வாடி! இது எங்கிருந்தும் வரலை. இதோட வீடே இங்கதான் இருக்கு! வீட்டுக்காரியை உள்ள வச்சுப் பூட்டிட்டு, யாரும் உள்ள போகலைன்னு எழுதி வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் என்னதான் படிச்சீங்க?"

மகளும் மண்ணில் படுத்துப் பார்த்தாள், போனில் படம் பிடித்தாள். முகம் மலர்ந்தது, உடனே வெளிறியும் போனது. ஏன் என்று அம்மா கேட்கவில்லை. ஜெயித்த வேகத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு ஆய்வகத்துக் கூட்ட அறையில், பேராசிரியர் அந்தப் படத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"தப்பா பேசிட்டேம்மா. தையல்ல ஒரு குறையும் இல்ல," என்றார். அம்மா நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கூடாரம் போட்டப்புறம் வெளியிலிருந்து அடியில தோண்டி வந்திருக்கும். இதையெல்லாம் யார் எதிர்பார்க்க முடியும்? யார் மேலயும் தப்பில்ல."

அதோடு முடிந்திருக்கும். எல்லோரும் காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மகள் எழுந்தாள்.

"இல்ல சார். அந்தக் கூடு முன்னாடியே இருந்திருக்கும்னு நினைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது, ஏன்னா நான் பார்க்கவே இல்ல. கூடாரம் போடுறதுக்கு முன்னாடி பதினோரு இடத்துல துளை இருக்கான்னு மண்ணைப் பார்த்துட்டு, தோட்டத்துக் கோடியில இருக்கிற ஒன்பதாம் நம்பருக்குக் கடைசியா வந்தப்ப மழை பிடிச்சுக்கிச்சு. பார்க்காமலே படிவத்துல 'துளை இல்லை'ன்னு டிக் பண்ணிட்டேன். தையல் மேல பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கல."

எழுதிக் கொடுத்ததில் பொய் இருக்கிறது என்று ஓர் ஆராய்ச்சிக்காரி தன் வாயாலேயே சொல்வது சின்ன விஷயமல்ல என்பது சுற்றியிருந்த முகங்களிலேயே தெரிந்தது. உட்காருடி என்று கையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட அம்மாவுக்குத் தோன்றியது. ஆனாலும் மகள் உட்காரவில்லை.

"அடுத்த பருவம் தோட்டப் பொறுப்பை வேற யாராவது பார்க்கட்டும்," என்றார் பேராசிரியர். "இப்ப சொன்னதை அப்படியே அறிக்கையில எழுது. மத்த பதினொண்ணோட முடிவும் செல்லும்."

"சரி சார்."

வெளியே வரும்போது அவர் அம்மாவிடம் வந்தார். "அடுத்த தடவை இருபது கூடாரம் வேணும். உங்க தையல் மாதிரி நான் பார்த்ததே இல்லம்மா."

வேறொரு நாளாக இருந்தால், இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தெருவையே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பெருமையில் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"தையல் கிடக்கட்டும் சார்," என்றாள். "இப்ப எழுந்து பேசினாளே, அவ என் பொண்ணு."