நல்ல காலின் எண்

மைஸாவின் வலது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் நார் அறுந்தபோது அவளை யாரும் தொடக்கூட இல்லை. பந்தோடு ஓடிவந்தவள் காலை ஊன்றித் திரும்பினாள். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்ட்பால் ஆடும் பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நேர்கிறது. கடலோர ஊரான மஹ்தியாவில் எங்கள் சிகிச்சைக்கூடத்துக்கு வந்த அப்படிப்பட்ட நாற்பது பெண்களை வைத்து டாக்டர் ஷெட்லி ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். தொடையின் பின்புறத்திலிருந்து நாரை எடுத்து முழங்காலுக்குள் வைத்துக் கட்டுவது அவர் வேலை. அதன்பிறகு அவர்களை நடக்க, குதிக்க, ஓட வைப்பதும் அளந்து எழுதுவதும் என் வேலை.

மைஸாவுக்கு இருபத்திரண்டு வயது. அம்மா மன்னூபியா துறைமுகத்தருகே மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். அறுவை முடிந்த முதல் வாரம் முழங்காலை மடக்கும்போது மைஸா என் கையைக் கிள்ளிக்கொண்டே கத்துவாள்.

"ஒல்ஃபாக்கா, நீங்க இதுக்கு முன்னாடி போலீசா இருந்தீங்களா?"

"கத்துறதுக்கு இருக்கிற பலம் கால்ல இருந்தா நீ எப்பவோ ஓடியிருப்படி."

எங்களிடம் ஓர் அளவு நாற்காலி உண்டு. வாரால் கட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு காலாக முழு பலத்தோடு உதைக்கச் சொல்வோம். அறுவை செய்த கால், நல்ல காலின் அன்றைய பலத்தில் தொண்ணூறு சதவீதத்தை எட்டினால் ஆட அனுப்பலாம். அறுவை முடிந்து எத்தனை மாதம் என்று பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் நம்பலாமா என்பதுதான் டாக்டரின் ஆய்வுக் கேள்வி. அறுவைக்கு முன்பு மைஸாவின் நல்ல கால் நூற்றறுபது காட்டியது; ஆறாம் மாதமும் அதே எண். அறுவை செய்த கால் நூற்றுப்பன்னிரண்டு. எழுபது சதவீதம்.

அந்த வாரம்தான் தேசிய அணியின் உத்தேசப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அவளுடைய பயிற்சியாளர் நெஜிப் நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா, இன்னும் எத்தன நாளைக்குப் புள்ளைய சைக்கிள் மிதிக்க விடுவ? அவ என்ன தபால்காரியா?"

"எழுபதுதான் வந்திருக்கு, நெஜிப் அண்ணே. இப்ப அனுப்புனா திரும்பவும் அறுந்துடும்."

"அப்ப அவ எடத்துக்கு அந்த சூஸ் ஊர்க்காரிய எடுத்துக்குவாங்க. அதையும் நீயே அவகிட்ட சொல்லிடு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவருகே நின்று மைஸா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் உள்ளே வந்தாள்.

"தொண்ணூறுன்னு எழுதிடுங்கக்கா. ஒரு நம்பர்தானே."

"முடியாது."

"நானும் அந்த ஆலையில போய் மீன் தலை கிள்ளணுமா?"

அவள் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அன்றைய பயிற்சியைத் தொடங்கினோம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கால் நூற்றுப்பதின்மூன்று. பெரிய மாற்றமில்லை. பிறகு இடது, அதாவது நல்ல கால். பல்லைக் கடித்தாள், முகம் சிவந்தது, முனகினாள். நூற்றிருபத்திரண்டு. திரை தானாகக் கணக்குப் போட்டுப் பச்சை நிறத்தில் தொண்ணூற்று மூன்று என்றது.

அறுவை செய்த கால் தேறவில்லை. நல்ல காலை அவள் வேண்டுமென்றே மெதுவாக உதைத்திருந்தாள். பழைய நூற்றறுபது அதே திரையின் ஓரத்தில் இருந்தது. அவள் கழுத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

எண்ணை டாக்டரிடம் காட்டினேன். "நல்ல கால் இவ்வளவு குறையாதே, சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மெஷின் சொல்லுது இல்ல? நம்ம ஆய்வே அதை நம்புறதுதானே ஒல்ஃபா. உனக்குத் தோணுறத எல்லாம் எழுத முடியுமா?"

மறுத்திருக்கலாம். இன்னொரு முறை உதைக்க வைத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. நெஜிப்போடு மறுபடி மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மைஸா வேறு வெளியே அம்மாவுக்கு போன் செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

தேசிய அணிக்கு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், பதினெட்டாவது நிமிடத்தில் விழுந்தாள். தொலைக்காட்சியில் பார்த்தேன். இந்த முறை புதிய நாரோடு, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் சவ்வும் கிழிந்திருந்தது; எலும்பின் முனையிலும் காயம். டாக்டர் மறுபடி திறந்து, கிழிந்த சவ்வில் பாதியை வெட்டி எடுத்தார். இனி ஆட்டம் இல்லை என்பதை அவளிடம் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்.

போனேன். மன்னூபியா கட்டிலருகே உட்கார்ந்து சோர்பா சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் மைஸா அழத் தொடங்கினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னைக்கு நல்ல கால நான் சரியா உதைக்கல. உங்கள ஏமாத்திட்டேன். என்னால உங்க பேரும் கெட்டுச்சு."

மன்னூபியா என் கையைப் பிடித்தாள். "சின்னப் புள்ளம்மா. மனசுல வச்சுக்காத."

அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அன்னைக்கே தெரியும் மைஸா."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. மைஸா என்னைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"ஆமா."

"உங்கள ஏமாத்திட்டேன்னு பத்து நாளா நான் தூங்கல" என்றாள் மெல்ல. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மா, இவங்கள போகச் சொல்லு."

மன்னூபியா என் கையை விட்டாள். எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

நடந்ததை எழுதி ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்தேன். அறுவை செய்த காலை, நல்ல காலின் அறுவைக்கு முந்தைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்றும் எழுதினேன். டாக்டர் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். கட்டுரை வெளியானபோது மைஸா இல்லாமல் நாற்பது பேர் முப்பத்தொன்பதாகியிருந்தனர். ஒருவர் விலகிக்கொண்டார் என்று அடிக்குறிப்பு.

மைஸா என்னிடம் சிகிச்சைக்கு வரவில்லை. தேறுவதற்கு வேறெங்கோ போனாள் என்றார்கள்; எங்கே என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. சென்ற வெள்ளிக்கிழமை சந்தையில் பார்த்தேன். மீன் கடைப் படியில் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். என்னையும் பார்த்தாள். கூட்டத்துக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்று, நான் கடந்து போகும்வரை காத்திருந்தாள்.